பதிவுக் கட்டணம் கட்டாதீர்கள்

தண்டையார்பேட்டை சகோதரிக்கு, வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை தர 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டவே கட்டாதீர்கள். வேலை கொடுக்கிறவர்தான் காசு தர வேண்டும். இப்படித்தான் நான் 1,800 ரூபாயை விட்டேன். மறுநாளே அந்த எண் ஸ்விட்ச் ஆஃப். ஏற்கெனவே கட்டிவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

சரி, ஆரி வேலை தெரியும் என்கிறீர்களே, அதை ஏன் விட வேண்டும்? வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம். அதில் பொருள்களைக் காட்டும் கேட்டலாக் பகுதியில் நாலு பிளவுஸ் படம் போடுங்கள். காலை வெளிச்சத்தில், ஜன்னலோரம், கழுத்தோர மணிகள் ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி கிட்டே போய் எடுங்கள். விலையும் எத்தனை நாள் ஆகும் என்பதும் எழுதுங்கள். பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். அப்புறம், யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ரகசிய எண் (PIN) தேவையே இல்லை. யாராவது போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.