ஒளியை வளைக்க அரை செ.மீ. குச்சிகள் போதும்

கேள்வி: சேலத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஃபோட்டானிக் படிகத்தால் ஒளிக்கற்றையை வளைப்பது, குவிப்பது பற்றி ப்ராஜெக்ட் செய்ய ஆசை. நானோமீட்டர் அளவில் செதுக்கும் வசதி இங்கே இல்லை, கணினியில் மட்டும் செய்தால் போதும் என்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் கிளைஸ்ட்ரான் (நுண்ணலையை உருவாக்கும் குழல்) வைத்த பழைய மைக்ரோவேவ் பெஞ்ச் ஒன்று இருக்கிறது. கையால் செய்து பார்க்க ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. அந்தப் பழைய பெஞ்ச்தான் வழி.

ஃபோட்டானிக் படிகம் என்பது தனியொரு பொருளின் பெயர் அல்ல. பொருளை அடுக்கும் முறையின் பெயர். அலையை அதிகம் விலக்கும் பொருளும் குறைவாக விலக்கும் பொருளும் சீரான இடைவெளியில் மாறி மாறி வரும்போது, ஒவ்வோர் எல்லையிலும் சிறிது சிறிதாகத் திரும்பி வரும் அலைகள் ஒன்றுகூடி வலுக்கின்றன. சில அதிர்வெண்களில் அலையால் உள்ளே நுழையவே முடிவதில்லை. அந்த அதிர்வெண் வரம்பைப் பட்டை இடைவெளி என்கிறோம். இந்தக் கருத்தை 1987-ல் இயற்பியலாளர்கள் எலி யாப்லோனோவிச்சும் சஜீவ் ஜானும் தனித்தனியாக முன்வைத்தார்கள்.

ஏற்காட்டு அடிவாரத்தில் வளர்ந்த பிள்ளைகள் கொடுக்காப்புளி இலையோடு தீப்பெட்டியில் பொன்வண்டு வைத்திருப்பார்கள். அதன் முதுகைச் சாய்த்துப் பாருங்கள். பச்சை மெல்ல நீலத்துக்கு நகரும். சாயமாக இருந்தால் அப்படி நகராது. மேலோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள மெல்லிய படலங்களே பச்சையைத் திருப்பி அனுப்புகின்றன. சாய்க்கும்போது பாதை வேறுபாடு குறைவதால், திரும்பி வரும் அலைநீளமும் குறைகிறது. ஒரே திசையில் அடுக்கிய படிகம் இது. உங்களுக்கு வேண்டியது இரு திசைகளில் அடுக்கியது.

இனி முக்கியமான செய்தி. மின்காந்த அலைகளை விவரிக்கும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் நானோமீட்டருக்கென்று தனி இடம் எதுவும் இல்லை. இடைவெளிக்கும் அலைநீளத்துக்கும் உள்ள விகிதம்தான் கணக்கு. பச்சை ஒளிக்கு 200 நானோமீட்டர் இடைவெளியில் எது நடக்குமோ, அதுவே 3.2 செ.மீ. நுண்ணலைக்கு 12 மி.மீ. இடைவெளியில் நடக்கும், இரண்டுக்கும் நடுவே சுமார் 60,000 மடங்குதான் வித்தியாசம். ஒரு நிபந்தனை: பொருளின் ஒப்புமை விடுதிறன் (மின்புலத்துக்குப் பொருள் எவ்வளவு இணங்குகிறது என்பதை வெற்றிடத்தோடு ஒப்பிடும் எண்) இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடுப் பீங்கானுக்கு நுண்ணலையில் அது 9-க்கு மேல். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 3-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆகவே அலுமினாவில் நீங்கள் காண்பதை அகச்சிவப்பில் சிலிக்கானோடு ஒப்பிடுங்கள், ஒளியில் அலுமினாவோடு அல்ல. வாய்மொழித் தேர்வில் இந்தக் கேள்வி வரும்.

இதை இரண்டாம் தரச் சோதனை என்று யாரும் சொல்ல விடாதீர்கள். எல்லாத் திசைகளிலும் முழுமையான பட்டை இடைவெளியை யாப்லோனோவிச் குழு 1991-ல் காட்டியதே நுண்ணலையில்தான். ஒரு கட்டியில் மூன்று சாய்கோணங்களில் துளையிட்டு, 13 முதல் 15 கிகாஹெர்ட்ஸில் அளந்தார்கள். 1998-ல் அலையைச் செங்கோணத்தில் திருப்பிக் காட்டிய சோதனையும் அலுமினா குச்சிகளை வைத்து மில்லிமீட்டர் அலையில் செய்ததே.

உங்களுக்கும் அலுமினாவையே பரிந்துரைக்கிறேன். சேர்வராயன் மலையில் வெட்டி எடுத்த பாக்சைட்டைச் சுத்திகரித்தால் கிடைப்பது இதே அலுமினாதான் என்பதை உங்கள் அறிக்கையில் ஒரு வரி எழுதலாம். உலைகளுக்கான பீங்கான் சாமான்கள் விற்பவர்களிடம் 5 மி.மீ. விட்டமுள்ள குச்சி கேளுங்கள். நடுவில் துளையுள்ள தெர்மோகப்பிள் குழாயைக் கொடுப்பார்கள். அது வேண்டாம், துளைக்குள் இருக்கும் காற்று விடுதிறனைக் குறைத்துவிடும். திடமான குச்சியாக, 15 செ.மீ. நீளத்தில், 160 எண்ணிக்கை வேண்டும். அகலத்தில் 20, ஆழத்தில் 8. அவ்வளவு வாங்க முடியாவிட்டால் ஆழத்தை 6 வரிசையாகக் குறையுங்கள். அகலத்தில் கை வைக்க வேண்டாம்.

குச்சிகளை நிறுத்தத் தெர்மோகோல் போதும். நுண்ணலைக்கு அது ஏறக்குறையக் காற்றுதான். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு பலகை. வரைபடத் தாளை ஒட்டி, இரு திசைகளிலும் 12 மி.மீ. இடைவெளியில் புள்ளி வைத்து, குச்சியைவிடச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள சூடான கம்பியால் துளையிடுங்கள். குச்சி இறுக்கமாக நிற்க வேண்டும். 12 மி.மீ. இடைவெளி, 5 மி.மீ. விட்டம் என்றால் பட்டை இடைவெளி ஏறக்குறைய 8 முதல் 11 கிகாஹெர்ட்ஸ் வரை வரும். எம்.ஐ.டி.யில் உருவான எம்பிபி என்ற இலவச மென்பொருளில் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். சாதாரண லேப்டாப்பில் சில நிமிட வேலை. உங்கள் கிளைஸ்ட்ரான் பெரும்பாலும் 9 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்வதாக இருக்கும். அதன் வரம்பு முழுவதும் பட்டை இடைவெளிக்குள் அடங்கிவிடுவதால், பட்டை இடைவெளியின் ஓரத்தை அதிர்வெண்ணை மாற்றிக் காண முடியாது. குச்சிகளை எத்தனை மி.மீ. தள்ளி வைத்தால் அலை கடந்து போகும் என்று எம்பிபியில் தேடி, அதற்கு இன்னொரு ஜோடிப் பலகை செய்துகொள்ளுங்கள்.

முதல்முறை நான் இதைச் செய்தபோது இரண்டு நாள் அளவுமானியின் முள் அசையவே இல்லை. படிகம் இருந்தாலும் எடுத்தாலும் ஒரே அளவு. குச்சிகளைக் குறை சொன்னேன், கிளைஸ்ட்ரானைக் குறை சொன்னேன். கடைசியில் பார்த்தால், அலையை அனுப்பவும் வாங்கவும் உள்ள ஹார்ன் ஆண்டெனாக்களைப் பக்கவாட்டில் பொருத்தியிருந்தேன். மின்புலம் கிடைமட்டமாக இருந்தது. இந்தப் படிகத்தின் பட்டை இடைவெளி குச்சிக்கு இணையான மின்புலத்துக்கு மட்டுமே. வேவ்கைடின் (அலையை ஹார்னுக்குக் கொண்டுசெல்லும் செவ்வகக் குழாய்) அகலமான பக்கம் தரைக்கு இணையாக இருந்தால் மின்புலம் நிமிர்ந்து நிற்கும், குச்சிகளும் நிமிர்ந்து நிற்கின்றன. ஹார்ன்களைத் திருப்பி மாட்டியதும் முள் சரிந்து விழுந்தது. அந்தத் தவறையே நீங்கள் சோதனையாக ஆக்கிக்கொள்ளுங்கள்: இரு ஹார்ன்களையும் 90 பாகை திருப்பி ஒரு முறை அளந்தால், பீங்கான் அலையை உறிஞ்சித் தடுக்கவில்லை என்பதற்கு நல்ல சான்று கிடைக்கும்.

அளவீட்டில் பெரிய தொல்லை, படிகத்தைச் சுற்றிக்கொண்டு போகும் அலை. படிகத்தைவிடச் சற்றுச் சிறிய ஜன்னல் வெட்டிய அட்டையில் அலுமினியத் தாளை ஒட்டி முன்னால் நிறுத்துங்கள். கிளைஸ்ட்ரான் இயங்கும்போது ஹார்னுக்குள் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டாம்; அதன் மின்வழங்கியில் சில நூறு வோல்ட் இருக்கிறது, கம்பிகளைத் தொடவும் வேண்டாம்.

தடுப்பதைக் காட்டிய பிறகுதான் உங்கள் உண்மையான ப்ராஜெக்ட் தொடங்குகிறது. அலை செல்லும் திசையில் ஒரு வரிசைக் குச்சிகளை உருவிவிடுங்கள். இரு பக்கமும் நுழைய வழியில்லாததால் அலை அந்தச் சந்து வழியாகவே போகும். சந்தை ‘ட’ வடிவில் திருப்பினால் அலையும் திரும்பும். கண்ணாடி இழையை அந்த அளவுக்குச் சட்டென்று மடக்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். இங்கே கசிய இடமே இல்லை. மூலையில் ஒரு குச்சியை நகர்த்தியும் எடுத்தும் பார்த்து, எப்போது அதிகம் கடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கற்றையை வடிவமைப்பது சந்தின் வாயில்தான். அலைநீளத்தைவிடக் குறுகிய வாயிலிருந்து வெளிவரும் அலை, விளிம்பு விளைவால் விசிறியாக விரியும். வெளி முகப்பின் கடைசி வரிசையில் மெல்லிய குச்சிகளை வைத்து, ஒன்றுவிட்டு ஒன்றைச் சற்று உள்ளே தள்ளினால், முகப்பின் மேல் ஓடும் மேற்பரப்பு அலைகள் பல இடங்களிலிருந்து ஒரே கட்டத்தில் வெளியே கசியும். அவை கூடும்போது கற்றை ஒடுங்குகிறது. எத்தனை மி.மீ. தள்ள வேண்டும் என்பதைக் கணக்கிட மீப் என்ற இலவச மென்பொருள் உதவும். பிறகு தெர்மோகோலில் அரை அரை மில்லிமீட்டராக நகர்த்திச் சரிபாருங்கள்.

வாயிலிருந்து 70 செ.மீ. தொலைவில் மேசைமேல் ஒரு வில் வரைந்து, 5 பாகைக்கு ஒரு முறை வாங்கும் ஹார்னை நிறுத்தி அளவு எடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், பக்கத்தில் யாரும் நடமாட வேண்டாம். மனித உடலும் நுண்ணலையைத் திருப்பி அனுப்பும். முகப்பைத் திருத்துவதற்கு முன் ஒரு வரைபடம், பின் ஒரு வரைபடம். இரண்டையும் ஒரே தாளில் வரைந்து எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பார்க்க ஆவலாக இருக்கிறேன்.