கப்பல் ஆட்டத்தில் ஆராய்ச்சி விதிகள்: வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்ட மண்டபத்தில் ஞாயிறுதோறும் கூடும் இளைஞர் குழு, மேசையில் ஆடும் போர்க்கப்பல் ஆட்டம் ஒன்றை உருவாக்கி வருகிறது. நான்கு பேர், ஆளுக்கொரு நாடு. காலம் 1900 முதல் 1920 வரை. ஒரு சுற்றுக்கு ஆறு மாதம் என்று 40 சுற்று. ஆராய்ச்சி விதிகளில் மாட்டிக்கொண்டோம் என்று விதித்தாளை அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் கேள்விகளோடு, ஆட்டத்தைப் பார்த்த அதே ஊர்க்காரர்கள் சிலரின் கேள்விகளும் இங்கே.

ஐயா, எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் சுற்றுக்கு 10 ஆராய்ச்சிப் புள்ளி. எல்லாவற்றையும் பீரங்கியில் கொட்டுகிறவரே ஜெயிக்கிறார். 12ஆம் சுற்றிலேயே 15 அங்குலப் பீரங்கி வந்துவிடுகிறது. பீரங்கி ஆராய்ச்சியின் விலையை ஏற்றினால் சரியாகுமா?
– தோட்ட இளைஞர் குழு

ஏற்றினால் அதே ஆள் 12ஆம் சுற்றுக்குப் பதிலாக 18ஆம் சுற்றில் ஜெயிப்பார், அவ்வளவுதான். உங்கள் விதித்தாளைப் படித்ததில், கோளாறு ஆராய்ச்சிப் பக்கத்தில் இல்லை, கப்பல் வடிவமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே எடைக் கணக்கே இல்லை. கண்டுபிடித்த பீரங்கியை எந்தக் கப்பலிலும் எத்தனை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று இருந்தால், பெரிய பீரங்கிக்கு ஈடாக எதையும் இழக்க வேண்டியதில்லை. பிறகு யார்தான் வேறு ஆராய்ச்சி செய்வார்?

குண்டின் எடையைப் பாருங்கள். பிரிட்டனின் 12 அங்குலக் குண்டு 850 பவுண்டு, 15 அங்குலக் குண்டு சுமார் 1,920 பவுண்டு. வாய் அகலம் கால் பங்குதான் கூடியது, எடை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. பீரங்கியும் அதைத் தாங்கும் கோபுரமும் அதே போக்கில் கனக்கும். ஆகவே வாய் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைப் பீரங்கிக் கோபுரம் ஒன்றுக்கு, குண்டுகளையும் சேர்த்து, 12 அங்குலத்துக்கு 600 டன், 13.5 அங்குலத்துக்கு 850 டன், 15 அங்குலத்துக்கு 1,200 டன். இவை ஆட்டத்துக்காக முழுமையாக்கிய எண்கள், ஆனால் உண்மைக் கப்பல்களிலிருந்து அதிகம் விலகாது.

அடுத்து, கப்பலின் மொத்த எடையை 100 பங்காக்குங்கள். உடல் 35, கவசம் 28, இயந்திரம் 11, ஆயுதம் 17, எரிபொருளும் மற்றவையும் 9. இது 1906இல் வந்த பிரிட்டனின் ட்ரெட்நாட் போர்க்கப்பலை ஒட்டிய பங்கீடு. 18,000 டன் கப்பலில் ஆயுதத்துக்கு 3,000 டன்னை ஒட்டித்தான் கிடைக்கும். 12 அங்குலக் கோபுரம் ஐந்து ஏறும். 15 அங்குலம் என்றால் இரண்டே ஏறும், அதாவது நான்கு பீரங்கி. பாதி பீரங்கி சுட, மறு பாதி குண்டு நிரப்ப என்று மாற்றி மாற்றிச் சுட்டால் ஒரு தடவைக்கு இரண்டு குண்டு. எதிரிக் கப்பலைச் சுற்றி விழும் நீர்த்தூண்களைப் பார்த்துத்தான் குறியைத் திருத்துவார்கள். இரண்டே தூணை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது? இதை விதியாக்குங்கள்: நான்கு பீரங்கிக்குக் குறைவாக ஒன்றாய்ச் சுட்டால் குறியில் பாதி கழியும்.

இப்போது 15 அங்குலம் வேண்டுமென்றால் பெரிய கப்பல் கட்டியாக வேண்டும். பெரிய கப்பலை ஓட்ட வலிமையான இயந்திரம் வேண்டும், ஏனென்றால் வேகம் கூடக்கூடத் தேவைப்படும் குதிரைத்திறன் ஏறத்தாழ மும்மடியாக ஏறும். வேகம் மணிக்கு 21 கடல்மைலிலிருந்து 24 கடல்மைலுக்குப் போகவே ஒன்றரை மடங்கு சக்தி. நிலக்கரியால் இது சிரமம், எண்ணெய் வேண்டும். பீரங்கிக்காக ஆராய்ச்சி தொடங்கியவர் தானாகவே இயந்திரப் பக்கம் வந்து நிற்பார். ஆராய்ச்சிக் கிளைகளை இப்படிக் காரணத்தால் பிணையுங்கள்.

இதற்கு நம் மண்ணோடு தொடர்புள்ள ஓர் உதாரணமே உண்டு. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் சேர்ந்த அன்றைய மலாய் கூட்டு மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்ட 'மலாயா' போர்க்கப்பல் 1915 மார்ச்சில் நீரில் இறங்கியது. பிரிட்டனின் குவீன் எலிசபெத் வகை. முந்தைய வகையில் 13.5 அங்குலக் கோபுரம் ஐந்து இருந்தன. 15 அங்குலம் வந்ததும் நான்கே போதும் என்று நடுக்கோபுரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பாய்லர்களுக்குக் கொடுத்தார்கள். எரிபொருள் முழுக்க எண்ணெய். பீரங்கி, எரிபொருள், வேகம் மூன்றும் ஒரே முடிவாக வந்தன. உங்கள் மேசையில் இந்தக் கப்பல் தானாக உருவாகிற அளவுக்கு விதி அமைந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

இன்னொன்று. கிளையில் ஒரு முட்டுச்சந்தும் வையுங்கள். பிரிட்டன் 13.5க்குப் போகும் முன் 12 அங்குலப் பீரங்கியின் குழலையே நீட்டிப் பார்த்தது. குண்டு வேகமாகப் போனது, ஆனால் குழல் சீக்கிரம் தேய்ந்தது, குறியும் சிதறியது. 'நீண்ட குழல்' என்ற படி மலிவாகக் கிடைக்கட்டும்: தூரம் கூடும், இரண்டு சண்டைக்குப் பிறகு குறி குறையும்.

ஆராய்ச்சி எப்போது முடியும் என்று முன்கூட்டியே தெரிந்தால் சுவை இல்லை. பகடை போட்டால், ஒருவர் முழு ஆட்டத்திலும் ஒன்றும் கண்டுபிடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். நடுவழி என்ன?
– ஐந்தாம் படிவ மாணவி

புள்ளியை விட்டுவிட்டு, ஆராய்ச்சிக் குழுக்களாக வையுங்கள். ஒவ்வொரு படிக்கும் மூன்று தேர்ச்சி வேண்டும். ஒரு வேலையில் வைத்த முதல் இரண்டு குழுவும் பகடையில் 4, 5, 6 விழுந்தால் தேர்ச்சி. மூன்றாவது குழுவுக்கு 5, 6. நான்காவதற்கு 6 மட்டும். ஒரே வேலையில் ஆளைக் குவித்தால் பலன் குறையும் என்பது இதிலேயே அடங்கிவிடுகிறது.

துரதிர்ஷ்டத்துக்கு வரம்பு போட ரப்பர் கொட்டையைப் பயன்படுத்தலாம், அங்கே அதற்குப் பஞ்சமில்லை. ஒரு வேலையில் சுற்று வெறுமையாகப் போனால் ஒரு கொட்டை. தொடர்ந்து மூன்று கொட்டை சேர்ந்தால் அதுவே ஒரு தேர்ச்சி. நடுவில் பகடை கைகொடுத்தால் கொட்டைகளை எடுத்துவிட வேண்டும். ஒரு குழு மட்டும் வேலை செய்தால், கொட்டை இல்லாமல் ஒரு படிக்குச் சராசரி 6 சுற்று, உச்ச வரம்பே கிடையாது. கொட்டையோடு சராசரி 5¼ சுற்று, எவ்வளவு மோசமாக விழுந்தாலும் 9 சுற்றில் முடிந்துவிடும். தொடக்கத்தில் கொட்டை விதியை விட்டுவிடலாம் என்று தோன்றும். விடாதீர்கள். நான்கு சுற்று தொடர்ந்து வெறுமையாகப் போக 16இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நான்கு பேர் 40 சுற்று ஆடும்போது அது யாராவது ஒருவருக்கு வந்தே தீரும்.

எத்தனை குழு? இங்கேதான் பலர் கணக்குப் போடுவதில்லை. பீரங்கி, கவசம், இயந்திரம், குறிபார்த்தல், டார்பிடோ, வெடிமருந்துப் பாதுகாப்பு என்று ஆறு கிளை, கிளைக்கு ஐந்து படி, மொத்தம் 30. ஆளுக்கு நான்கு குழு கொடுத்து அவற்றை வெவ்வேறு வேலையில் வைத்தால் 40 சுற்றில் சுமார் 30 படி ஏறிவிடுவார்கள். எல்லாரும் எல்லாமும் கண்டுபிடித்துவிட்டால் தேர்வு செய்ய என்ன இருக்கிறது? மூன்று குழு கொடுங்கள், 22 அல்லது 23 படியோடு நிற்கும். நான்காவது குழு வேண்டுபவர், ஒரு சிறு போர்க்கப்பலின் விலையை ஆண்டுதோறும் கட்டட்டும்.

ஒருவர் கண்டுபிடித்ததை அடுத்தவர் காப்பியடிக்கலாமா? எங்களுக்குள் சண்டையே வருகிறது.
– தோட்ட இளைஞர் குழு

அடிக்கலாம், ஆனால் கண்ணுக்குத் தெரிவதை மட்டும். ட்ரெட்நாட்டில் எத்தனை பெரிய பீரங்கி இருக்கிறது என்பதைத் துறைமுகத்தில் நின்று எண்ணிவிடலாம். ஜெர்மனி 1907இல் தன் நாஸாவ் வகையைத் தொடங்கியது. ட்ரெட்நாட்டிலிருந்து ஒரே அளவுப் பெரிய பீரங்கி என்ற எண்ணத்தை எடுத்துக்கொண்டது, அதிலிருந்த டர்பைனை, அதாவது நீராவி நேரடியாகச் சுழற்றும் இயந்திரத்தை, எடுக்கவில்லை. பழைய பிஸ்டன் இயந்திரத்தோடுதான் அவை ஓடின. எண்ணம் இலவசம், செய்முறை இலவசமில்லை.

ஆகவே: எதிரியின் கப்பல் சேவைக்கு வந்து இரண்டு சுற்று கழித்து, பீரங்கி, கவசக் கிளைகளில் அந்தப் படிக்கு ஒரு தேர்ச்சி இலவசம். மீதி இரண்டை உழைத்துத்தான் பெற வேண்டும். குறிபார்க்கும் கணக்குக் கருவி கப்பலுக்குள்ளே இருப்பது. அதற்கு இலவசம் கிடையாது. எதிரி ஆராய்ச்சியை முடித்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், கப்பல் வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். உங்கள் சண்டை பெரும்பாலும் இந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும்.

இதோடு ஒரு சோதனை விதியும் சேர்க்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையையும், அக்டோபர் 28 காலை பினாங்குத் துறைமுகத்தையும் தாக்கிய ஜெர்மனியின் எம்டன் கப்பலுக்கு டிரெஸ்டன் என்று ஒரு சகோதரிக் கப்பல் இருந்தது. உடலும் ஒரே மாதிரி, பீரங்கியும் ஒரே மாதிரி, ஆனால் எம்டனுக்குப் பிஸ்டன் இயந்திரம், டிரெஸ்டனுக்கு டர்பைன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவே அப்படிக் கட்டினார்கள். ஒரே வகையில் இரண்டு கப்பலை இரண்டு விதமாகக் கட்டுபவருக்கு இயந்திரக் கிளையில் ஒரு தேர்ச்சி கொடுங்கள்.

ஆராய்ச்சி முடிந்த அடுத்த சுற்றே கப்பல் வந்துவிடுகிறது. எவ்வளவு தாமதம் வைப்பது?
– தோட்ட இளைஞர் குழு

பெரிய கப்பலுக்கு ஐந்து சுற்று. மலாயாவுக்கு 1913 அக்டோபரில் அடித்தளம் போட்டு 1916 பிப்ரவரியில் சேவைக்கு எடுத்தார்கள். ட்ரெட்நாட் ஓராண்டு சொச்சத்தில் முடிந்தது உண்மை, ஆனால் வேறு கப்பல்களுக்காகச் செய்துகொண்டிருந்த பீரங்கிக் கோபுரங்களை அதற்குத் திருப்பிவிட்டார்கள். அந்த வாய்ப்பையும் வையுங்கள்: கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கப்பலை இரண்டு சுற்று தாமதிக்கவிட்டு, ஒரு கப்பலை மூன்று சுற்றில் முடிக்கலாம்.

கட்டளையிட்ட அன்றே வடிவமைப்பு உறைந்துவிட வேண்டும். நடுவில் கிடைக்கும் கவசமோ பீரங்கியோ அந்தக் கப்பலுக்குப் போகாது. குறிபார்க்கும் கருவியை மட்டும் பின்னால் பொருத்தலாம், ஒரு சுற்று துறையில் நிற்க வேண்டும்.

பொறுமையில்லாதவருக்குச் சூதாட்ட விதி ஒன்று. 15 அங்குலப் பீரங்கியைச் சோதித்து முடிக்கும் முன்பே பிரிட்டன் கப்பல்களுக்கு உத்தரவு போட்டது. ஒரு பீரங்கியை மட்டும் அவசரமாக முன்னால் செய்து சுட்டுப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு தேர்ச்சி இருந்தால் கப்பலைத் தொடங்கலாம். நீரில் இறக்கும் சுற்றில் பகடையில் 3 அல்லது மேல் விழுந்தால் பிழைத்தீர்கள். 1, 2 என்றால் கப்பல் இரண்டு சுற்று பீரங்கி இல்லாமல் கட்டுத்துறையில் கிடக்கும்.

சண்டையில் அடிபட்டால் பாடம் கற்றதாக வைக்கலாமா?
– ஆரம்பப் பள்ளி ஆசிரியை

கட்டாயம் வையுங்கள் டீச்சர். 1915 ஜனவரி 24, டாகர் பாங்க் சண்டையில் ஜெர்மனியின் சைட்லிட்ஸ் கப்பலின் பின்கோபுரத்தைத் துளைத்த ஒரே குண்டு உள்ளே வெடிமருந்தைப் பற்றவைத்தது. தீ பக்கத்துக் கோபுரத்துக்கும் பாய்ந்து இரண்டிலும் இருந்தவர்களைக் கொன்றது. கிடங்கில் தண்ணீரை விட்டுக் கப்பலைக் காப்பாற்றினார்கள். கப்பல் திரும்பி வந்ததால், எங்கே எரிந்தது, எப்படிப் பரவியது என்று பார்க்க முடிந்தது. வெடிமருந்தைக் கையாளும் முறையை மாற்றினார்கள். அடுத்த ஆண்டு மே 31, ஜட்லாந்தில் பிரிட்டனின் மூன்று போர்க்குரூஸர்கள் (வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்த பெரிய கப்பல்கள்) வெடித்துச் சிதறின. கவசம் மெலிந்திருந்ததுதான் காரணம் என்று ஒரு சாரார், வெடிமருந்தை ஏனோதானோவென்று குவித்துவைத்ததே காரணம் என்று மற்றொரு சாரார். அதே சண்டையில் மலாயாவின் வலப்பக்க 6 அங்குலப் பீரங்கி வரிசையிலும் மருந்து பற்றிப் பலர் மாண்டார்கள், கப்பல் தப்பியது.

விதி இப்படி இருக்கட்டும். பலத்த சேதத்தோடு துறைக்குத் திரும்பிய கப்பல், சேதம் பட்ட கிளையிலேயே இரண்டு தேர்ச்சி தரும். மூழ்கிய கப்பல் ஒன்றே தரும், அதையும் பகடைதான் முடிவு செய்யும்: ஒற்றை விழுந்தால் கவசம், இரட்டை விழுந்தால் வெடிமருந்துப் பாதுகாப்பு. தவறான பாடம் கற்கிற வாய்ப்பும் ஆட்டத்தில் இருக்க வேண்டும்.

1941 வரை நீட்டி, குவாந்தான் அருகே பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிப்பல்ஸும் மூழ்கியதைச் சேர்க்க ஆசை. முடியுமா?
– தோட்ட இளைஞர் குழு

இதே தாளில் முடியாது. 1941 டிசம்பர் 10இல் அவற்றை மூழ்கடித்தவை விமானங்கள். விமானக் கிளை இல்லாத ஆட்டத்தில் அதற்கு இடமில்லை. 1922இல் கையெழுத்தான வாஷிங்டன் ஒப்பந்தம் கப்பலுக்கு 35,000 டன், பீரங்கிக்கு 16 அங்குலம் என்று வரம்பு போட்டது; அதற்குப் பிறகு ஆராய்ச்சி என்பதே பெரிதாக்குவதை விட்டு, அதே எடைக்குள் எதைத் திணிப்பது என்ற வேலையாகிறது. தனி ஆட்டமாகச் செய்யுங்கள். எடைக் கணக்குத் தாளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்; டார்பிடோக் கிளையில் இரண்டு படியைக் கழித்துவிட்டு விமானத்துக்கு ஐந்து, ரேடாருக்கு மூன்று சேர்த்தால் மொத்தம் 36 படி ஆகும். அதற்கு ஆளுக்கு நான்கு குழு சரியாக இருக்கும்.