கைப்பிடி அரிசி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஸ்தோத்திரம். நான் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆயுத பூஜை அன்று எங்கள் செக்‌ஷனில் கம்ப்யூட்டருக்கும் பீரோவுக்கும் சந்தனம் வைத்து, எல்லோருக்கும் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. கொடுத்த அக்காவின் முகம் வாடிவிட்டது. வாங்கியிருக்க வேண்டுமா? சாப்பிட்டிருந்தால் பாவமா? ஜெபக்குழுவில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இந்தக் காலத்தில் உலகத்தாரோடு ஒட்டாமல் விசுவாசமாக வாழ முடியும் என்று தோன்றவில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போய்விடலாமா என்றும் யோசிக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் எல்லோருக்கும் வருகிற கவர் எனக்கும் வருகிறது. அதிலும் தசமபாகம் தவறாமல் எடுத்துவைத்துவிடுகிறேன்.

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். நீங்கள் அனுப்பியதில் பொரியைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் இருந்தது. கவரைப் பற்றி இருந்தது அந்தக் கடைசி இரண்டு வரிதான். அதில் ஒரு வார்த்தையையும் நான் குறைக்கவில்லை.

பொரியை முதலில் முடித்துவிடுவோம். ஆதிக் கிறிஸ்தவர்களின் கொரிந்து சபைக்கு இதே சந்தேகம் வந்தது. கடையில் விற்கிறதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள், ஒருவர் விருந்துக்கு அழைத்தால் முன்னால் வைத்ததைச் சாப்பிடுங்கள் என்றார் பவுல். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாமல் விடுங்கள் என்றும் சொன்னார். ஆக, உங்கள் மனம் இடம் கொடுக்கவில்லை என்றால் வாங்காமல் இருந்தது சரிதான். ஆனால் அன்றைக்கு மத்தியானம் அந்த அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்களா? அவர் வைக்கிற குழம்பை ஊற்றிச் சாப்பிட்டிருந்தால் அந்த முகம் அரைமணி நேரத்தில் மலர்ந்திருக்கும்.

இனி கவருக்கு வருகிறேன்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். சாயர்புரம் பக்கம் இருந்தோம். அப்பா ஓர் அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கைப்பிடி அரிசி என்று ஒன்று உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து, ஆண்டவருக்கென்று தனியாக ஒரு டப்பாவில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அம்மா வைத்திருந்தது மூடி நசுங்கிய பிஸ்கட் டப்பா. சனிக்கிழமை ராத்திரி அந்த அரிசியைத் துணிப்பையில் கொட்டிக் கட்டுவது என் வேலை.

ஒரு திங்கட்கிழமை காண்ட்ராக்டர் ஒருவர் வீட்டுக்கு அரை மூட்டை பொன்னி அரிசி அனுப்பிவைத்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க வெள்ளைவெளேரென்று சோறு. சனிக்கிழமை ராத்திரி டப்பாவைக் கவிழ்த்தால் ஞாயிற்றுக்கிழமை போட்ட இரண்டு பிடி மட்டும் விழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டே, "அந்த அரிசியில எடுக்க எனக்குக் கை வரல" என்றாள். அவ்வளவுதான். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

மறுநாள் எங்கள் வீட்டிலிருந்து அரிசி போகவில்லை. திங்கட்கிழமை காலையில் அப்பா மூட்டையை அளந்து பார்த்தார். ஆறு படி குறைந்திருந்தது. கடையில் கடன் சொல்லி அதே அரிசி ஆறு படி வாங்கிப் போட்டு, வாயைத் தைத்து, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த வருஷமே அவரைத் தூரமாக மாற்றிவிட்டார்கள். நாலு வருஷம் விடியற்காலை பஸ் பிடித்துப் போய்வந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசியதில்லை.

நீங்கள் அந்தக் கவரில் பத்தில் ஒரு பங்கு எடுத்துவைக்கிறீர்கள் தம்பி. உங்களுக்குக் கை வருகிறதே என்றுதான் எனக்கு வருத்தம். யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுக்க வாங்கிய முப்பது வெள்ளிக்காசைத் தேவாலயத்தில் எறிந்துவிட்டுப் போனபோது, இது இரத்தக்கிரயம், காணிக்கைப் பெட்டியில் போடக் கூடாது என்று பிரதான ஆசாரியர்களே சொல்லிவிட்டார்கள். அந்தப் பணத்தைக் கொடுத்ததும் அவர்கள்தான். அவர்களுக்கே அதை உள்ளே எடுக்கக் கூச்சமாக இருந்திருக்கிறது. சபையில் காணிக்கைக்குத் தருவதும் கவர், வெள்ளிக்கிழமை உங்களுக்கு வருவதும் கவர். இதிலிருந்து எடுத்து அதில் போட்டால் மிச்சம் ஒன்பது பங்கு சுத்தமாகிவிடும் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஒருவேளை யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பொட்டு வைக்காதே, சினிமாவுக்குப் போகாதே, பொங்கல் வைக்காதே என்று பிரசங்கங்கள் கேட்டே வளர்ந்தேன். மாமூல் வாங்காதே என்று ஒரு முழுப் பிரசங்கம் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை. வரதட்சணைக்கும் அப்படித்தான். பேசி முடித்துவிட்டுத்தான் ஆலயத்தில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கக் கொடுக்கிறார்கள்.

அந்தக் கவருக்குள் இருப்பது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் கவுன்ட்டர் பக்கம் நின்று பாருங்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த நூறு ரூபாய் நோட்டை எடுக்கிற ஒரு பாட்டி கட்டாயம் இருப்பாள். அவளுக்கு உரிமையான காகிதத்துக்குத்தான் அந்த நோட்டு.

வேலையை விடுவது பற்றிக் கேட்டீர்கள். விடாதீர்கள். வரி வசூலிக்கிற ஆயக்காரர்கள் யோவான் ஸ்நானகனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, ராஜினாமா செய்துவிட்டு வனாந்தரத்துக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். போர்ச்சேவகரிடம், உங்கள் சம்பளமே போதும் என்று இருங்கள் என்றார். ஆயக்காரர் தலைவனான சகேயுவும் யாரும் கேட்காமலேயே, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்றான். நீங்கள் அந்த நாற்காலியை விட்டுப் போனால், அந்தப் பாட்டியிடம் கை நீட்டாத ஒரே ஆளாக ஆகியிருக்கக்கூடியவரும் போய்விடுவார். இதைவிட முழுநேர ஊழியம் எனக்குத் தெரியவில்லை.

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கத்தோலிக்கர், வெள்ளைக்காரன் காலத்து நீதிமன்ற அதிகாரி. கை நீட்டினால் கொட்டுகிற பதவி அது. 1859இல் வந்த அவருடைய நீதிநூலில் கைக்கூலியை, அதாவது லஞ்சத்தை, கண்டித்தே ஓர் அதிகாரம் எழுதினார். 1876–78 பெரும் பஞ்சத்தில் தன் பணத்தைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். அதே மனுஷனுக்குத் திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகர் நெருங்கிய நண்பர். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வேதநாயகம் பிள்ளைமேல் ஒரு கோவை நூலே பாடியிருக்கிறார். சைவ மடத்தில் போய் உட்கார்ந்து தமிழ் பேசினார், அவருடைய விசுவாசம் அதனால் கரைந்துவிடவில்லை. உங்கள் இரண்டு கேள்விக்கும் அவரிடம் பதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கவர் வரும்போது, "எனக்கு வேண்டாம் அண்ணே" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் கேட்டால் மனசு வரவில்லை என்று சொல்லுங்கள், பிரசங்கம் வேண்டாம். மாட்டிவிடப் போகிறானோ என்று முதல் மாதம் எல்லோரும் பயப்படுவார்கள். டீக்குக் கூப்பிடமாட்டார்கள். மாறுதலும் வரலாம், அதை மறைத்து எழுத எனக்கு விருப்பம் இல்லை. மூன்று வருஷம் வாங்கியதில் யாருடையது என்று தெரிந்தவை இருந்தால், ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கொடுங்கள். முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், வீட்டுக்குள் வருகிற பணம் குறையும்போது அவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கட்டும்.

அப்புறம், அந்த அக்காவோடு சாப்பிட்டீர்களா என்று எழுதுங்கள்.