மடியில் இருந்த குழந்தைக்கு அபராதமா?

கேள்வி: நாங்கள் கீழக்கரையில் வசிக்கிறோம். துபாயில் வேலை பார்க்கும் என் கணவர் விடுமுறையில் வந்திருக்கிறார். இரண்டு வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு, காரின் முன் இருக்கையில் ராமேஸ்வரம் போனேன். கணவர்தான் ஓட்டினார். வழியில் நிறுத்திய போலீசார், குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை என்று 1,000 ரூபாய்க்கு இ-சலான் போட்டுவிட்டார்கள். நான் பெல்ட் போட்டிருந்தேன். துபாயில் வாங்கிய குழந்தை இருக்கை பரணில் கிடக்கிறது. "தாய் மடியைவிடப் பத்திரமான இடம் ஏது?" என்று மாமியார் சொன்னதால் அதை எடுக்கவில்லை. அபராதம் செல்லுமா? அந்த இருக்கை இங்கே செல்லுபடியாகுமா? கணவர் ஊருக்குப் போனபின் மகனை ஸ்கூட்டரில் அழைத்துப் போகலாமா?

பதில்: அபராதம் செல்லும், சகோதரி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் கொண்டுவந்த திருத்தத்தின் வழியே 194-பி என்ற பிரிவு சேர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையாலோ பிணைக்காமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். ஓட்டுபவர் மட்டுமல்ல, அப்படி ஓட்டச் செய்பவரும், ஓட்ட அனுமதிப்பவரும் இதற்குப் பொறுப்பு. நீங்கள் பெல்ட் போட்டிருந்தது உங்களைத்தான் காக்கும், மகனை அல்ல. சலானை நீதிமன்றத்தில் எதிர்க்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் குழந்தை மடியில் இருந்ததை நீங்களே ஒப்புக்கொள்ளும்போது எதை வைத்து வாதாடுவது? பணத்தைக் கட்டிவிட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும்.

சட்டத்தில் 'பெல்ட் அல்லது குழந்தை இருக்கை' என்று இருப்பதுதான் எனக்குக் கவலை. இரண்டு வயதுப் பிள்ளையைப் பின் இருக்கையில் உட்காரவைத்து, பெரியவர்களுக்கான பெல்ட்டை மாட்டினாலே சட்டம் திருப்தி அடைந்துவிடும். ஆனால் அந்த வயதில் மேல்பட்டை கழுத்தில் உரசும். கீழ்ப்பட்டை இடுப்பெலும்பில் நிற்காமல் வயிற்றின்மேல் ஏறும். பிரேக் போட்டால் அழுத்தம் முழுவதும் அங்கேதான் விழும். உங்கள் கணவர் வேலை பார்க்கும் நாட்டில் நான்கு வயது வரை குழந்தை இருக்கை கட்டாயம். அங்கே தவறாமல் செய்ததை மண்டபம் சாலையில் மட்டும் ஏன் விட வேண்டும்?

மாமியார் அன்பினால் சொன்னார் என்பதை அறிவேன். அவரிடம் இந்தக் கணக்கைப் பொறுமையாகச் சொல்லுங்கள்: 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 12 கிலோ குழந்தை ஏறத்தாழ 135 கிலோ இழுப்போடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. முன் இருக்கை என்றால் விரியும் ஏர்பேக்குக்கும் உங்களுக்கும் நடுவில் அவன்தான் இருப்பான். ஒரே பெல்ட்டுக்குள் இருவரும் உட்கார்ந்தால் உங்கள் பாரமே அவனை நசுக்கும்.

பரணில் இருக்கும் இருக்கையை இறக்குங்கள். எந்த நாட்டில் வாங்கியது என்று 194-பி கேட்கவில்லை. அதன் பின்புறத்தில் ஆரஞ்சு நிற ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும், ஆர்44 அல்லது ஆர்129 என்ற குறியும் இருந்தால் அது ஐரோப்பிய சோதனையில் தேறியது. இந்தியத் தரமான ஏஐஎஸ்-072-உம் ஆர்44-ஐ ஒட்டியதுதான். ஆர்44 என்றால் எடையைப் பாருங்கள்: 9 முதல் 18 கிலோ என்று இருந்தால் உங்கள் மகனுக்குப் பொருந்தும். ஆர்129 என்றால் உயரத்தைப் பாருங்கள். விபத்தில் சிக்கிய இருக்கை என்றால், யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பின் இருக்கையில் மட்டுமே பொருத்துங்கள். காரின் இருக்கை மடிப்பில் விரல் விட்டுத் தடவினால் குழந்தை இருக்கையை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் இரும்பு வளையம் தட்டுப்படும். இல்லாவிட்டால் பெல்ட்டால் இறுக்கலாம், அந்த மாடல் அதற்கு இடம் தந்தால். பொருத்தியபின் ஆட்டிப் பாருங்கள், விரற்கடைக்கு மேல் அசையக் கூடாது. தோள்பட்டையில் பட்டையைக் கிள்ளினால் மடிப்பு விழக் கூடாது. நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கைகள்: அரியமான் கடற்கரையிலிருந்து திரும்பும்போது காலில் ஒட்டிய மணல் இருக்கைப் பட்டையின் பூட்டுக்குள் போய்விடும். 'டிக்' என்ற சத்தம் கேட்காமல் வண்டியை எடுக்காதீர்கள். தனுஷ்கோடி வெயிலில் நின்ற காரில் பூட்டின் உலோகம் பிள்ளையின் தொடையைச் சுட்டுவிடும். இறங்கும்போதே இருக்கைமேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுவிடுங்கள்.

இனி ஸ்கூட்டர். அழைத்துப் போகலாம், விதிப்படி. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையைப் பின்னால் உட்காரவைத்தால், உங்கள் தோளோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். அவன் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2022 பிப்ரவரியில் அறிவித்த இந்த விதி ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. முன்னால் நிற்கவைத்து ஓட்டும் வழக்கம் வேண்டவே வேண்டாம். நான்கு வயது கடந்தபின் அவனுக்கும் பெரியவர்களைப் போலவே மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவின்படி ஹெல்மெட் கட்டாயம்.