தான்சானியாவின் ஒரு பகுதியான சான்சிபாருக்குத் தனிக் கால்பந்துச் சங்கம் இருந்தும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஏன் ஆடுவதில்லை?

அங்கே சுற்றுலா போகப் போகிறீர்கள், அதற்காகப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ‘சின்னத் தீவு, ஆட ஆள் இல்லை’ என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். நான் சில வருடம் அங்குள்ள பழைய நகரமான ஸ்டோன் டவுனில் கணக்கு வேலை பார்த்தவன், அதைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

சங்கம் 1926-இலேயே தொடங்கியது. தனி லீக் உண்டு, அதில் ஜெயிக்கும் கிளப் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கில் தனியாகவே ஆடுகிறது. ஆனால் பிஃபா கணக்கில் தான்சானியா ஒரே நாடு, அதற்கு ஒரே சங்கம். அதனால் தீவுப் பையன் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆட வேண்டுமென்றால் தான்சானியா சட்டையைத்தான் போட வேண்டும். பிஃபா தரும் வளர்ச்சி நிதியும் நேரடியாக வராது.

2017 மார்ச்சில் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு சான்சிபாரை முழு உறுப்பினராகச் சேர்த்தது. ஜூலையில், ஒரு நாட்டிலிருந்து இரண்டு சங்கத்தைச் சேர்த்ததே தவறு என்று திரும்பப் பிடுங்கிக்கொண்டது. மார்ச்சில் தெரியாத விதி ஜூலையில் எப்படித் தெரிந்தது?

அதே வருடம் டிசம்பரில் கென்யாவில் செகாஃபா கோப்பை, கிழக்கு, மத்திய ஆப்பிரிக்க அணிகள் ஆடும் போட்டி. அதில் சான்சிபார் தனி அணியாக ஆடலாம், 1995-இல் கோப்பையே ஜெயித்திருக்கிறார்கள். இந்த முறை தான்சானியா பெருநில அணியை 2-1, அரையிறுதியில் உகாண்டாவை 2-1 என்று ஜெயித்தார்கள். இறுதி ஆட்டத்தன்று எங்கள் சந்தில் ஒருவர் டிவியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார், இரண்டு பக்கத் திண்ணையிலும் ஆள், காபி விற்கிறவர் கரி அடுப்போடு அந்தப் பித்தளைக் கூஜாவைக் கீழே இறக்கி வைத்துவிட்டு வியாபாரத்தையே மறந்து நின்றார். 2-2. பெனால்டியில் கென்யா 3-2. என் பக்கத்தில் இருந்த பெரியவர், “நம்மைச் சேர்க்காதவர்கள் பார்த்திருப்பார்கள் இல்லையா?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நான் பிரிவினை பேசவில்லை, கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். டென்மார்க்கின் கீழ் இருக்கும் ஃபேரோ தீவுகள், அரை லட்சம் பேர், 1988-இலிருந்து பிஃபா உறுப்பினர். 18 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள சான்சிபாருக்கு ஏன் கூடாது? தான்சானியா ஒன்றியம் அப்படியே இருக்கட்டும், பந்து ஆட விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

போகிறவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தார் எஸ் சலாமிலிருந்து படகில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், நான் இருந்தபோது டாலர் கணக்கில். வேலை அனுமதிச் சீட்டைக் கையில் நீட்டியும் கவுன்டரில் இருந்தவர் ஏறிட்டுப் பார்க்காமல் முழுப் பணம் வாங்கினார், இன்றுவரை ஆறவில்லை.

முடிந்தால் ஜனவரியில் போங்கள். சான்சிபார் புரட்சி நாளையொட்டி மபின்டுசி கோப்பைக் கால்பந்து நடக்கும், அமான் மைதானத்திலோ பெம்பா தீவின் கொம்பானியிலோ ஒரு ஆட்டமாவது பார்த்துவிட்டு வாருங்கள்.