கொடி நிறைய வெள்ளரி, ஜாடி நிறைய ஊறுகாய்: நீங்க கேட்டதும் நாங்க சொன்னதும்

வீட்டுத் தோட்டத்துல வெள்ளரி வளர்க்கறது பத்தி எழுதினோம்ல, அதுக்கு வந்த கேள்வில பாதிக்கு மேல வளர்க்கறது பத்தியே இல்ல, காய்ச்சதை என்ன பண்றதுன்னுதான். அதனால இந்த தடவை பக்கம் முழுக்க ஊறுகாய்தான்.

அக்கா, சும்மா ரெண்டு கொடி வெச்சோம், இப்ப தினமும் காய் வந்துக்கிட்டே இருக்கு. சாலட்னு சொன்னாலே வீட்ல எழுந்து போயிடறாங்க. ஊறுகாய் போட்டுப் பழக்கமே இல்ல எனக்கு, இருக்கறதுலயே சுலபமானது எது?
– காய் பறிச்சே கை ஓஞ்ச வாசகி

ஃப்ரிட்ஜ்ல வைக்கிற வினிகர் ஊறுகாய்தான்ம்மா. காலைல போட்டா மறுநாள் சாப்பாட்டுக்கு ரெடி, கெட்டுப் போயிடுமோன்னு பயமும் இல்ல.

அரை கிலோ காய்க்கு வினிகர் ஒரு கப், தண்ணி ஒரு கப், உப்பு ஒரு டேபிள்ஸ்பூன், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன். நாலையும் எவர்சில்வர் பாத்திரத்துல ஊத்தி உப்பு கரையற வரைக்கும் சூடு பண்ணி இறக்கிடுங்க. செம்பு, பித்தளை, அலுமினியம் பக்கமே போகாதீங்க, புளிப்பு பட்டா அந்த உலோகம் தண்ணில இறங்கும். சுத்தமான கண்ணாடி ஜாடில நாலு பல் பூண்டு, ஒரு ஸ்பூன் கடுகு, கொஞ்சம் மிளகு, கிடைச்சா சதகுப்பை இலை ஒரு கொத்து போட்டு, வட்டமாவோ நீளமாவோ நறுக்கின காயை நெருக்கி அடுக்குங்க. தண்ணி கை பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் காய் மூழ்கற அளவு ஊத்தி, ஆறினதும் மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்தினா மசாலா வாசனை சீக்கிரம் ஏறும்தான், ஆனா காய் லேசா வெந்துடும், எனக்கு அது பிடிக்காது. வட்டமா நறுக்கினது மறுநாளே நல்லா இருக்கும், முழுசா போட்ட பிஞ்சுக்கு நாலஞ்சு நாள் குடுங்க. ஒரு மாசம் தாராளமா வரும், ஈர ஸ்பூன் மட்டும் விடாதீங்க.

வினிகர் ஊத்தினா அது ஊறுகாயே இல்ல, உப்புத் தண்ணில புளிக்க வெச்சாதான் ஊறுகாய்னு என் ஃப்ரெண்ட் சண்டை போடறா. யார் சொல்றது சரி?
– சண்டைல தோக்க விரும்பாதவர்

ரெண்டு பேரும் சரி, சண்டைய விடுங்க. வினிகர்ல நாம புளிப்பை வெளில இருந்து ஊத்தறோம். உப்புத் தண்ணில புளிப்பு உள்ளேயே உருவாகுது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா ருசில அது பெரிய வித்தியாசம், ரெண்டாவதுல புளிப்பு மூக்குல ஏறாது, மெதுவா நாக்குல தங்கும், எனக்கு கேட்டா என் ஓட்டு அதுக்குத்தான்.

காயோட தோல்மேலயே லாக்டிக் ஆசிட் பண்ற பாக்டீரியா இருக்கு. அதுக்கு உப்பு ஓரளவு தாங்கும், மத்த கெடுக்கற கிருமிகள் நிறையதுக்கு தாங்காது. அதனால சரியான அளவு உப்புல காயை மூழ்க வெச்சா போதும், இதுங்க காய்ல இருக்கற சர்க்கரைய தின்னு ஆசிட் ஆக்கிடும், அந்த ஆசிட்டே அப்புறம் காவல். ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் உப்பு. வெயில் காலம்னா 60 கிராம் வரைக்கும் போகலாம். உப்பு நிறைய போட்ட மாதிரி தோணும், ஆனா வெள்ளரில 95 சதவீதம் தண்ணிதான், அது வெளில வந்து கலந்ததும் ஜாடி நிறைய காய் இருந்தா உப்பு கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிடும். தயவுசெஞ்சு எடை போட்டு எடுங்க. கல் உப்பு ஒரு ஸ்பூனும் தூள் உப்பு ஒரு ஸ்பூனும் ஒரே எடை கிடையாது, சில பேருக்கு ஒரு தடவை நல்லா வந்து அடுத்த தடவை சொதப்பறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான். அயோடின் போட்ட உப்பு இருந்தாலும் ஊறுகாய் வரும், கட்டி ஆகாம இருக்க அதுல கலக்கற பொடியால தண்ணி கலங்கும், அவ்வளவுதான். குழாய் தண்ணில குளோரின் வாசனை வந்தா கொதிக்க வெச்சு ஆற வெச்சு ஊத்துங்க.

முக்கியமான வேலை காயை தண்ணிக்குள்ள அழுத்தி வைக்கிறது. ஒரு துண்டு மேல மிதந்தாலும் பூஞ்சை அங்கதான் பிடிக்கும். சின்ன கண்ணாடி கிண்ணம் வெக்கலாம், இல்ல சாப்பாட்டுக்கு ஏத்த ஜிப் கவர்ல அதே உப்புத் தண்ணிய ஊத்தி மூடி மேல வெயிட்டா வைங்க. வெறும் தண்ணி ஊத்தாதீங்க, கவர் கிழிஞ்சா ஜாடி உப்பு நீர்த்துப் போகும். மூடிய இறுக்காதீங்க, காத்து வெளில போகணும். அடில ஒரு தட்டு வைங்க, கண்டிப்பா வழியும்.

ரெண்டு மூணு நாள்ல குமிழ் வரும், தண்ணி பால் மாதிரி கலங்கும், பளிச்னு இருந்த பச்சை மங்கி ஆலிவ் நிறத்துக்கு போகும். பயந்து கொட்டிடாதீங்க, எல்லாம் சரியாத்தான் நடக்குது. ஒரு வாரத்துல எடுத்து வெட்டிப் பாத்தா ஓரம் கண்ணாடி மாதிரியும் நடுவுல இன்னும் வெள்ளையாவும் இருக்கும், அது பாதிப் புளிப்பு, அப்பவே சாப்பிடலாம். நடு வரைக்கும் கண்ணாடி ஆகணும்னா 21ல இருந்து 24 டிகிரி செல்சியஸ்ல மூணு நாலு வாரம் ஆகும். உங்களுக்கு பிடிச்ச புளிப்பு வந்ததும் ஃப்ரிட்ஜ்க்கு மாத்திடுங்க, அதோட வேகம் அடங்கிடும்.

எப்படிப் போட்டாலும் என் ஊறுகாய் கொழகொழன்னு ஆயிடுது. கடைல வாங்கறது மட்டும் நறுக்குன்னு இருக்கே, ஏதாச்சும் கெமிக்கலா?
– கொழகொழ வாசகர்

சிலர் கால்சியம் குளோரைடு சேர்க்கறாங்க, அது உணவுக்குன்னு விக்கிறதுதான், காயை விறைப்பா வெச்சிருக்கற பெக்டின்ங்கற பொருளை கெட்டியா பிடிச்சுக்கும். ஆனா அது இல்லாமலே நறுக்குன்னு வரும், நீங்க பாக்க வேண்டிய இடம் வேற.

காயை கைல எடுங்க. ஒரு முனைல காம்பு இருந்த தடம் இருக்கும், எதிர் முனைல பூ காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்த சின்ன வட்டத் தழும்பு இருக்கும். அந்தப் பூ முனைலதான் காயை இளக்கற என்சைம் இருக்கு. அதுல ஒரு ரெண்டு மில்லிமீட்டர் சீவி எறிஞ்சா பாதிப் பிரச்சனை தீந்துது. காம்புப் பக்கம் வெட்டுனா போதும்னு நிறைய பேர் நெனச்சுக்கிட்டு இருக்காங்க, அந்தப் பக்கம் கசப்புக்கு வெட்டலாமே தவிர இதுக்கு இல்ல. எது எந்தப் பக்கம்னு குழப்பமா இருந்தா ரெண்டையும் வெட்டிடுங்க.

அடுத்து பறிக்கிற நேரம். விரல் நீளம் இருக்கறப்பவே, விதை முத்தறதுக்கு முன்னாடி, காலைல பறிங்க, பறிச்ச அன்னைக்கே போட்டுடுங்க. தோட்டம் வெச்சிருக்கறவங்களுக்கு கடைக் காயை விட பெரிய வசதியே இதுதான், அதை ரெண்டு நாள் கூடைல போட்டு வாட விட்டுட்டு அப்புறம் ஊறுகாய் கொழகொழன்னு இருக்குன்னா எப்படி? ஒரே நாள்ல போதுமான காய் சேரலைன்னா கழுவாம ஃப்ரிட்ஜ்ல வெச்சு மறுநாள் பறிச்சதோட சேத்துக்கோங்க, அதுக்கு மேல தள்ளாதீங்க. லேசா துவண்ட மாதிரி இருந்தா ஐஸ் தண்ணில ஒரு ரெண்டு மணி நேரம் போட்டு வைங்க, தண்ணி குடிச்சு விறைப்பாயிடும். (கடைக் காய்தான் இருக்குன்னா தோல்ல மெழுகு தடவியிருக்கான்னு பாருங்க, மெழுகு இருந்தா உப்பும் புளிப்பும் உள்ள போகாது.)

சூடும் ஒரு காரணம். புளிக்க வைக்கிற ஜாடிய அடுப்பு பக்கத்துல வெச்சா, 27 டிகிரிய தாண்டற இடத்துல வெச்சா, காய் புளிக்கறதுக்கு முன்னாடி இளகிடும். வீட்ல எது குளிர்ச்சியான மூலையோ அங்க வைங்க. திராட்சை இலை இல்ல ஒரு சிட்டிகை டீத்தூள் போட்டா நறுக்குன்னு இருக்கும்னு சொல்வாங்க, அதுல இருக்கற டானின் அந்த என்சைமை மட்டுப்படுத்தும், உண்மைதான். ஆனா பூ முனைய வெட்டிட்டா இது தேவையே இல்லங்கறது என் கட்சி.

புளிக்க வெச்ச ஜாடில மேல வெள்ளையா படலம் கட்டியிருக்கு, கொட்டிடணுமா?

தட்டையா, மெலிசா, சுருக்கம் விழுந்த மாதிரி வெள்ளையா இருந்தா அது காத்துப் படற இடத்துல வர ஈஸ்ட். ஆபத்து இல்ல, ருசிய கெடுக்கும். சுத்தமான ஸ்பூனால வழிச்சு எடுத்துட்டு காய் மூழ்கியிருக்கான்னு பாத்து, ஃப்ரிட்ஜ்க்கு மாத்திடுங்க. பஞ்சு மாதிரி எழும்பி பச்சை, கருப்பு, ரோஸ்னு நிறம் இருந்தா பூஞ்சை, அப்ப மேல மட்டும் எடுத்துட்டு சாப்பிடலாம்னு கஞ்சத்தனம் பண்ணாதீங்க, மொத்தமா கொட்டுங்க. காய் வழவழன்னு இருந்தாலோ நாத்தம் அடிச்சாலோ அதே தீர்ப்புதான். சந்தேகம் இருந்தா ருசி பாத்து முடிவு பண்ற வேலையும் வேண்டாம்.

பூண்டு நீலமா மாறிடுச்சு அக்கா!!

மாறும். பூண்டுல இருக்கற கந்தகச் சத்து புளிப்போட சேர்றப்போ நீலம், பச்சைன்னு வரும். சாப்பிடலாம்.

வினிகர் புளிப்பு எங்க வீட்ல ஆகவே ஆகாது. தண்ணிய இன்னும் கொஞ்சம் ஊத்திக்கலாமா? அப்படியே பாட்டில்ல அடைச்சு வருஷம் முழுக்க வெளில வெக்க ஒரு வழியும் சொல்லுங்க.
– சேமிப்பு பிரியர்

ரெண்டு கேள்வியும் ஒண்ணா கேட்டீங்களே, இது ரெண்டும் சேரவே கூடாது. ஃப்ரிட்ஜ்ல வெச்சு வாரத்துக்குள்ள காலி பண்றதுன்னா கொஞ்சம் தண்ணி கூட இருந்தா பரவால்ல. வெளில அடைச்சு வைக்கிறதுன்னா வினிகரை ஒரு சொட்டு கூட குறைக்கக் கூடாது. காத்து இல்லாத பாட்டில்ல வளர்ந்து விஷம் பண்ற க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்னு ஒரு கிருமி இருக்கு, பிஎச் (புளிப்பை அளக்கற எண், அது குறையக் குறைய புளிப்பு கூடும்) 4.6க்கு கீழ இருக்கற புளிப்புலதான் அது தலை தூக்காது. அந்த விஷம் இருந்தா வாசனையோ நிறமோ காட்டிக் குடுக்கும்னு நம்பவே முடியாது. புளிப்பு தூக்கலா இருந்தா சர்க்கரைய கூட்டுங்க, நாக்குக்கு புளிப்பு அடங்கும், பிஎச் அப்படியே இருக்கும்.

வெளில வெக்கணும்னா லேபிள்ல 5 சதவீத அசிடிட்டின்னு போட்ட வினிகர்தான், வீட்ல பண்ணின வினிகர் கூடாது. பரிசோதிச்ச அளவுக் குறிப்பு ஒண்ணை வெச்சுக்கிட்டு, அதுக்குன்னு இருக்கற மூடி போட்ட பாட்டில்ல நிரப்பி, மூடிக்கு மேல ரெண்டு மூணு சென்டிமீட்டர் தண்ணி நிக்கற மாதிரி கொதிக்க வைக்கணும். அரை லிட்டர் பாட்டில்னா பொதுவா 10 நிமிஷம், மலை மேல இருக்கறவங்களுக்கு இன்னும் கூட, ஏன்னா அங்க தண்ணி குறைஞ்ச சூட்லயே கொதிச்சிடும். இவ்வளவும் பண்ணினா காய் கொஞ்சம் இளகத்தான் செய்யும். கொடி ரெண்டே ரெண்டு இருக்கற வீட்டுக்கு இந்தப் பாடு தேவையான்னு யோசிங்க, ஃப்ரிட்ஜ்ல ஒரு தட்டு காலி பண்ணினா முடிஞ்சிது.

எனக்கு பிபி இருக்கு. உப்பை பாதியா குறைச்சா வருமா?

வினிகர் ஊறுகாய் ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதுன்னா குறைச்சுக்கலாம், அதுல காவல் காக்கறது வினிகரும் குளிரும்தான், உப்பு ருசிக்கு. உப்புத் தண்ணில புளிக்க வைக்கிறதுல கை வைக்காதீங்க, அதுல உப்பைக் குறைச்சா ஊறுகாய் ஆகறதுக்கு பதிலா அழுகிடும். எவ்வளவு சாப்பிடலாம்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

இலைக்கு அடில கவனிக்காம விட்ட காய் பெருசா மஞ்சளா பழுத்துப் போச்சு. இன்னொண்ணு கடிச்சா ஒரே கசப்பு. ரெண்டையும் ஊறுகாய்ல தள்ளிடலாமா?

மஞ்சக் காயை தோல் சீவி, நடுவுல வெட்டி, விதைய ஸ்பூனால வழிச்சிட்டு துண்டு போட்டு வினிகர்ல போடுங்க, சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருந்தா நல்லா இருக்கும். கசப்புக் காயை தள்ளாதீங்க. குகுர்பிட்டசின்னு ஒரு பொருள்தான் அந்தக் கசப்பு, காம்புப் பக்கமும் தோல்லயும் அதிகம். லேசா கசந்தா அந்த இடத்தை சீவிப் பாக்கலாம். வாய் கோணற அளவு கசந்தா உரக்குழிக்குத்தான், அது வயித்தைப் படுத்தும், ஊறப் போட்டாலும் போகாது. தண்ணி ஒழுங்கா ஊத்தாம செடி வாடி வாடி எழுந்தாலும் கசப்பு கூடும், அடுத்த காய்ப்புக்கு அதைப் பாத்துக்கோங்க.

காய் தீந்ததும் மிச்சம் இருக்கற தண்ணில திரும்ப காய் போடலாமா?

வினிகர் தண்ணின்னா ஒரே ஒரு தடவை, ஃப்ரிட்ஜ்ல, மெலிசா நறுக்கி, ஒரு வாரத்துல சாப்பிட்டு முடிக்கிற மாதிரி. முதல் காய் விட்ட தண்ணியால புளிப்பு ஏற்கனவே இறங்கியிருக்கும், அதனால அடைச்சு வைக்க அதை எடுக்காதீங்க. புளிச்ச உப்புத் தண்ணிய சாலட்ல எலுமிச்சைக்கு பதிலா ஊத்திக்கலாம், அப்படிப் பண்ணினா சாலட்டுக்கு தனியா உப்பு போட வேண்டாம்.