பக்கத்து கிளினிக் பாதுகாப்பானதா என்று நோயாளியே எப்படித் தெரிந்துகொள்வது?

சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைவிட முதலில் டாக்டரின் கையைப் பாருங்கள் என்பேன். முந்தைய நோயாளியைத் தொட்ட கையோடு உங்களைத் தொடுகிறாரா, நடுவில் சுத்தம் செய்கிறாரா? சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி ஆக வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சும்மா நனைத்துத் துடைப்பது கணக்கில் வராது.

அடுத்தது ஊசி. சிரிஞ்சின் உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். போட்டு முடித்ததும் ஊசிக்கு மறுபடி மூடி மாட்டாமல், அப்படியே கெட்டியான டப்பாவில் போட வேண்டும். மூடி மாட்டும்போது நர்ஸின் விரலில் குத்திவிடும், பாவம். அந்த டப்பாவை முக்கால்வாசி நிரம்பியதுமே மூடி அப்புறப்படுத்த வேண்டும். ஊசிகள் வெளியே துருத்திக்கொண்டு நின்றால், அங்கே யாரும் கவனிப்பதில்லை என்று அர்த்தம்.

தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜ் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதற்குள் யாருடைய சாப்பாட்டு டப்பாவும் இருக்கக் கூடாது.

அப்புறம், மருந்து எழுதுவதற்கு முன் "எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காதா?" என்று டாக்டர் கேட்கிறாரா? நான் பெரிதாக மதிப்பது இந்த ஒரு கேள்வியைத்தான். அவர் கேட்காவிட்டால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.